ஒப்பரேஷன் முடிந்தும் நாரி நோகிறவன் நடிகன் இல்லை



"ஒப்பரேஷனும் செய்தாச்சு. இன்னும் என்ன நோ?"

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. பள்ளிவாசல் வாசலில், டீக்கடையில், கல்யாண வீட்டில், வட்ஸ்அப் குழுவில் எல்லாம் சிரித்துக்கொண்டே கேட்கிறீர்கள். கேட்டுவிட்டு நீங்கள் போய்விடுகிறீர்கள். கேட்கப்பட்ட ஆள் வீட்டுக்குப் போய் மூன்று நாள் யாருடனும் கதைக்காமல் இருக்கிறார். அது உங்களுக்குத் தெரியாது.

பதிவு நீளமானது. நேரம் இல்லாதவர்கள் கடைசிக்குக் கிட்ட இருக்கிற ஆபத்து அறிகுறிகளையாவது வாசித்துவிட்டுப் போங்கள்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. வயது 34. ஆரம்பப் பிரிவு ஆசிரியர். நாரியில் நாலாம், ஐந்தாம் எலும்புகளுக்கு இடையில் இருந்த டிஸ்க் பிதுங்கி நரம்பை நசித்ததால் மூன்று வருடத்துக்கு முதல் ஒப்பரேஷன் நடந்தது. இடது காலில் கரண்ட் மாதிரி ஓடிய நோ ஒரு கிழமையில் போய்விட்டது, அல்ஹம்துலில்லாஹ். நாரி நோ போகவில்லை. இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் இன்றைக்கு நான் வகுப்பு எடுக்கிறேன், சைக்கிள் ஓடுகிறேன், பிள்ளையைத் தூக்குகிறேன். நோ போனதால் இல்லை, நோவோடு வாழும் வேலையைப் படித்துக்கொண்டதால்.

நான் சொல்ல வந்தது இதுதான். எங்களைப் போன்றவர்களை இரண்டு கூட்டம் ஆட்கள் கெடுக்கிறார்கள். ஒரு கூட்டம் "நடிக்கிறான்" என்கிறது. மற்றக் கூட்டம் "அசையாத, படு" என்கிறது. முதல் கூட்டம் எங்கள் மனதை உடைக்கிறது. இரண்டாவது கூட்டம் அன்போடுதான் சொல்கிறது. உம்மா, மாமி, மனைவி எல்லோரும் அதில் இருக்கிறார்கள். ஆனால் உடம்புக்கு வரும் கெடுதியில் பெரும்பங்கு இந்த அன்பால்தான் வருகிறது. இரண்டு கூட்டத்துக்கும் சரியான விளக்கம் கொடுக்க வேண்டிய ஆஸ்பத்திரி வாய் திறப்பதில்லை. மூன்று பேரோடும் எனக்குக் கணக்கு இருக்கிறது.

முதல் கூட்டத்துக்கு:

முதுகு ஒப்பரேஷன் செய்தவர்களில் 10 முதல் 40 சதவீதம் வரையான ஆட்களுக்கு நோ தொடர்கிறது அல்லது திரும்பி வருகிறது என்று மருத்துவ உலகம் நீண்ட காலமாகவே கணக்குச் சொல்கிறது. எந்த ஒப்பரேஷன், எந்த நோய் என்பதைப் பொறுத்து இந்த எண் மாறும். ஆகக் குறைந்த கணக்கை எடுத்தாலும் பத்தில் ஒருவர். பத்தில் ஒருவர் நடிக்கிறார் என்றால் உலகம் முழுக்க நாடகக் கொட்டகை போட வேண்டும்.

டொக்டர்மார் இதற்கு வைத்திருந்த பழைய பெயர் "தோல்வியடைந்த முதுகுச் சத்திரசிகிச்சை". அந்தப் பெயரே பிழை, யாரோ தோற்றுவிட்டது போல இருக்கிறது என்று சொல்லி 2021இல் நிபுணர்கள் புதுப் பெயரை முன்வைத்தார்கள். நீடித்த முள்ளந்தண்டு நோ, வகை இரண்டு என்பது அதன் பொருள். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், ஒப்பரேஷனுக்குப் பிறகு நீடிக்கும் நோவுக்குத் தனி இடம் கொடுத்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் ஒத்துக்கொண்டதை எங்கள் ஊர் டீக்கடை ஒத்துக்கொள்ள இன்னும் எத்தனை வருடம் வேண்டும்?

ஏன் நோகிறது என்று கேட்பவர்களுக்கு, வகுப்பில் சொல்வது போலச் சொல்கிறேன்.

டிஸ்க் ஒப்பரேஷனில் முக்கியமாகச் செய்வது நரம்பை நசிக்கிற துண்டை எடுப்பது. ஆகவே காலுக்கு ஓடும் நோவுக்குத்தான் அதில் நல்ல பலன். நாரி நோவுக்கு அந்தளவு உறுதி இல்லை. இதை ஒப்பரேஷனுக்கு முதலே சொல்லியிருந்தால் பாதிப் பேர் பிறகு ஏமாந்திருக்க மாட்டார்கள். அடுத்தது, மாதக்கணக்கில் நசிந்து கிடந்த நரம்பு, பாரம் எடுத்தவுடன் பழைய நிலைக்கு வந்துவிடாது. சிலருக்கு வெட்டிய இடத்தில் தழும்பு கட்டும். சிலருக்கு அதே டிஸ்க் திரும்பப் பிதுங்கும். சிலருக்குப் பக்கத்து மூட்டு பாரம் தாங்கி நோகும். இன்னும் சிலருக்கு, காயம் ஆறிய பிறகும் நரம்பு மண்டலம் பயந்த நிலையிலேயே இருக்கும். மோட்டார் சைக்கிள் அலாரம் ஒன்றை யோசியுங்கள். கள்ளன் தொட்டால் கத்துவதற்குப் பூட்டியது. ஆனால் கூர்மை கூடிப்போனால் பூனை பாய்ந்தாலும் கத்தும். சத்தம் பொய் இல்லை, உண்மையாகவே காது கிழியும். ஆனால் கள்ளன் வரவில்லை. நீடித்த நோவில் ஒரு பகுதி அப்படித்தான். நோ முழுக்க உண்மை. அதற்காக ஒவ்வொரு முறையும் உள்ளே ஏதோ உடைகிறது என்று அர்த்தம் இல்லை.

"ஸ்கேனில ஒண்டும் இல்லையாம், பிறகென்ன?" என்று ஒரு கேள்வி வரும். முதுகு நோவே இல்லாத ஆட்களை ஸ்கேன் பண்ணிப் பார்த்த ஆய்வுகளை 2015இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். எந்த நோவும் இல்லாத 20 வயதுக்காரரில் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் புடைத்திருந்தது. 50 வயதில் 60 சதவீதம். படத்தில் பிழை இருந்தும் நோகாத ஆட்கள் இவ்வளவு பேர் என்றால், படம் சுத்தமாக இருந்தும் நோகிற ஆட்கள் இருப்பதில் என்ன அதிசயம்? எம்ஆர்ஐ படத்தில் நோ தெரியாது. அதை அனுபவிக்கிற ஆளிடம்தான் கேட்க வேண்டும்.

எங்கள் சமூகத்தின் நாரிக்கு ஒரு சரித்திரமும் இருக்கிறது. 1990 ஒக்டோபரில் கையில் கிடைத்ததோடு வெளியேற்றப்பட்ட தலைமுறை புத்தளத்தில் என்ன வேலை செய்தது? உப்பு வாய்க்காலிலும் கற்பிட்டி வெங்காயத் தோட்டத்திலும் குனிந்து நின்றது. பெண்கள் முகாமில் குடம் குடமாகத் தண்ணீர் தூக்கினார்கள். ஊருக்குத் திரும்பிய பிறகும் பழைய இரும்பு ஏற்றி இறக்கினோம், தையல் மெஷினில் வளைந்து இருந்தோம், மூட்டை தூக்கினோம். அந்த நாரிகள்தான் இன்று கிளினிக் வாங்கில் வரிசையாக இருக்கின்றன. அவர்களைப் பார்த்து "நடிப்பு" என்று சொல்ல நாக்கு கூச வேண்டும்.

பெண்கள் விடயத்தில் இது இன்னும் மோசம். ஆம்பிளைக்கு நோ என்றால் "பாவம், உழைச்ச உடம்பு". மருமகளுக்கு நோ என்றால் "வேலைக் கள்ளம்". கலியாணம் ஆகாத பிள்ளை என்றால் முதுகில் ஒப்பரேஷன் செய்ததையே மூடி மறைக்கச் சொல்கிறோம். சம்பந்தம் குழம்பிவிடுமாம். மறைப்பதற்காக அந்தப் பிள்ளை பிசியோதெரபிக்கும் போவதில்லை, சபையில் நெடுநேரம் நிலத்தில் இருந்து நோவைக் கடிக்கிறது. இதைச் செய்யச் சொல்கிறவர்கள் வேறு யாரும் இல்லை, நாங்கள்தான்.

இரண்டாவது கூட்டத்துக்கு:

உங்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் "அசையாத, படு" என்பது முப்பது வருடத்துக்கு முதலே காலாவதியான வைத்தியம். 1995இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரசபை ஊழியர்களிடம் ஒரு ஆய்வு நடந்தது. திடீர் முதுகு நோ வந்தவர்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதி இரண்டு நாள் படுக்கை, ஒரு பகுதி முதுகுப் பயிற்சி, ஒரு பகுதி தாங்கக்கூடிய அளவில் வழமையான வேலை. வேகமாகச் சுகமானவர்கள் வழமையான வேலையைத் தொடர்ந்தவர்கள்.

அது ஒப்பரேஷன் செய்யாதவர்கள் கதை என்பீர்கள். சரி. டிஸ்க் ஒப்பரேஷன் செய்தவர்களுக்கான ஆய்வுகளைக் கொக்ரேன் அமைப்பு தொகுத்து 2014இல் வெளியிட்டது. ஒப்பரேஷன் முடிந்து 4 முதல் 6 கிழமைக்குள் முறையான பயிற்சி தொடங்கியவர்களுக்கு, ஒன்றும் செய்யாதவர்களை விட நோவும் இயலாமையும் வேகமாகக் குறைந்தன. பயிற்சி செய்ததால் திரும்ப ஒப்பரேஷன் செய்ய வேண்டி வந்ததற்கு ஆதாரம் இல்லை. எங்கள் வீடுகளில் நடப்பது என்ன? ஆறு மாதம் கட்டில். பிறகு ஆறு மாதம் பெல்ட். பிறகு "முந்தி மாதிரி இல்ல" என்று ஆயுள் முழுக்க ஒரு மூலைக் கதிரை.

படுத்தே கிடந்தால் முதுகைத் தாங்கும் தசை கரையும். தசை கரைந்தால் சின்ன வேலைக்கும் நோகும். நோகிறது என்று இன்னும் படுப்போம். இந்த வளையத்துக்குள் ஒரு ஆளைத் தள்ளிவிட்டு, "ஒப்பரேஷன் செய்ததாலதான் இப்படி ஆயிட்டான்" என்று ஒப்பரேஷன் மேல் பழி போடுவோம்.

பெல்ட் பற்றியும் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் நீடித்த நாரி நோவுக்கு 2023 டிசம்பரில் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. நோயாளிக்கு விளக்கம் சொல்லிக் கொடுத்தல், உடற்பயிற்சி, சில பிசியோதெரபி முறைகள், மனதுக்கான ஆலோசனை ஆகியவற்றைச் சிபாரிசு செய்கிறது. பெல்ட், இழுவை, அபின் வகை நோ மருந்து ஆகியவற்றை வழமையாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. ஒப்பரேஷன் முடிந்த ஆரம்ப நாட்களுக்கு உங்கள் டொக்டர் பெல்ட் சொல்லியிருந்தால் அவர் சொன்ன காலம் வரை போடுங்கள், அது வேறு. இரண்டு வருடமாகக் கழற்றாமல் போடுவதைத்தான் சொல்கிறேன்.

அடுத்தது குளிசை. "எனக்குக் கேட்டது, நீயும் போடு" என்று பக்கத்து வீட்டுக் குளிசையைக் கொடுக்கும் பழக்கம் எங்களிடம் இருக்கிறது. டைக்லோபெனக் போன்றவற்றை மாதக்கணக்கில் சொந்தப் பாட்டில் வாங்கிப் போட்டால் வயிறு புண்ணாகும், சிறுநீரகம் கெடும், பிரஷர் ஏறும். பிரிகபலின் நரம்பு நோவுக்கு எழுதப்படும் மருந்து. காலுக்கு ஓடும் நோவுக்கு அதைக் கொடுத்து 2017இல் அவுஸ்திரேலியாவில் செய்த ஆய்வில், வெறும் குளிசையை விட அது கூடிய பலன் தரவில்லை, தலைச்சுற்றுத்தான் கூடியது. வேறு சில நரம்பு நோவுகளுக்கு அது உதவும், அதைத் தீர்மானிப்பது டொக்டர். ஆனால் வடக்கில் பொலிஸார் பிடிக்கும் போதை மாத்திரைச் செய்திகளில் வருவதும் இதே பெயர்தான் என்பதை மறக்காதீர்கள். வீட்டில் இருந்தால் பூட்டி வையுங்கள். போட்டுக்கொண்டிருப்பவர் திடீரென்று நிறுத்தவும் கூடாது, டொக்டரிடம் கேட்டு மெதுமெதுவாகக் குறைக்க வேண்டும்.

நாட்டு வைத்தியத்துக்கு நான் எதிரி இல்லை. சூடான ஒத்தடம், இதமான எண்ணெய் எனக்கும் சுகம் தருகிறது. கைதடியில் சித்த போதனா வைத்தியசாலை இருக்கிறது, படித்த வைத்தியர்கள் இருக்கிறார்கள். நான் எதிர்ப்பது, ஒப்பரேஷன் செய்த முதுகை மிதித்து நெட்டி முறிக்கிற ஆட்களை. எலும்பும் நரம்பும் எங்கே வெட்டப்பட்டது, கம்பி போட்டிருக்கிறதா என்று தெரியாத ஒருவர் அந்த முதுகில் ஏறக் கூடாது.

மூன்றாவதாக ஆஸ்பத்திரிக்கு:

என் ஒப்பரேஷன் நன்றாக நடந்தது. செய்தவர் கைக்கு அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது என் கையில் தந்தது இங்கிலீசில் எழுதிய ஒரு அட்டை. வாயால் சொன்னது இரண்டு வசனம்: "பாரம் தூக்காதீங்க. குனியாதீங்க." எத்தனை நாளைக்கு? எத்தனை கிலோ? ஸுஜூது செய்யலாமா? பஸ்ஸில் போகலாமா? எப்ப வேலைக்குப் போகலாம்? நோ மிச்சம் இருந்தால் என்ன செய்வது? ஒன்றும் இல்லை. கிளினிக்கில் கேட்டால் பின்னால் நூறு பேர் நிற்கிறார்கள். முடிவு தேதி சொல்லாமல் "குனியாதே" என்று சொன்னால் மனுசன் சாகும் வரை குனியாமல்தான் இருப்பான். "அசையாத, படு" கூட்டம் இப்படித்தான் உருவாகிறது.

"டொக்டர்மாருக்கு நேரம் எங்க? 2022க்குப் பிறகு எத்தனை பேர் வெளிநாடு போயிட்டாங்க" என்று சொல்வீர்கள். உண்மைதான். அவர்களைக் குறை சொல்லி நான் இதை எழுதவில்லை. ஆனால் ஒரு தாளின் இரண்டு பக்கத்தில் தமிழில் அச்சடித்துக் கொடுக்க டொக்டரின் நேரம் தேவையில்லை. ஒருமுறை எழுதினால் பத்து வருடத்துக்குப் போதும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார், தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். கடல் கடந்து வந்த ஒரு மனிதர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் செய்ததை, தமிழ் அரச கரும மொழியாக இருக்கும் நாட்டில், தமிழ் டொக்டர்கள் இருக்கும் ஊரில், இன்றைக்குக் கேட்டால் அது பேராசையா?

நான் ஆசிரியன். கலாசாலையில் எங்களுக்கு முதல் சொல்லித் தந்தது, பிள்ளைக்கு விளங்காவிட்டால் பாடம் நடக்கவில்லை என்பதுதான். ஒப்பரேஷனுக்கும் அதே கணக்கு. நோயாளிக்கு விளங்காவிட்டால் வைத்தியம் அரைவாசியில் நிற்கிறது.

"ஸப்ர் செய்யுங்க" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை:

ஸப்ர் செய்கிறோம். ஆனால் நோவை வெளியில் சொல்லாமல் மூலையில் கிடப்பதற்கு ஸப்ர் என்று பெயர் வைக்காதீர்கள். மருந்து செய்யச் சொன்ன நபியின் (ஸல்) உம்மத் நாங்கள். தினமும் காலையில், நோகிற முதுகோடு எழும்பிப் பத்து நிமிடம் நடப்பதற்குத் தேவைப்படுவதுதான் ஸப்ர்.

பள்ளிவாசலில் கதிரையில் தொழுகிற இளம் ஆட்களைப் பார்த்து முகம் சுளிப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். மூல நோயால் வருந்திய இம்ரான் பின் ஹுஸைன் (ரழி) அவர்களை, முதலில் நின்று தொழவும், முடியாவிட்டால் இருந்து தொழவும், அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்துத் தொழவும் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியிருக்கிறது. அதில் வயது எல்லை போடவில்லை. என் பின்னால் ஒருவர் "இந்த வயசிலயே கதிரையா?" என்று கேட்டார். அல்லாஹ் தந்த சலுகைக்கு நீங்கள் வாசலில் நின்று டிக்கெட் கேட்கிறீர்களா?

இனி வேலைக்கு வருவோம். நோவோடு இருப்பவர்கள் இதைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். நான் டொக்டர் இல்லை. உங்கள் பிசியோதெரபி ஆளிடம் காட்டி, உங்களுக்குப் பொருந்துமா என்று கேட்டுச் செய்யுங்கள்.

1. நடை. காலை ஐந்து நிமிடம், மாலை ஐந்து நிமிடத்தில் தொடங்குங்கள். சில நாளுக்கு ஒருமுறை ஒரு நிமிடம் கூட்டுங்கள். நல்ல நாளில் ஒரு மணித்தியாலம் நடந்துவிட்டு அடுத்த மூன்று நாள் படுப்பதுதான் பெரிய ஆபத்து. நல்ல நாளிலும் அதே அளவு, கெட்ட நாளில் கொஞ்சம் குறைவு. நோவைப் பார்த்து நிறுத்தாமல் நேரத்தைப் பார்த்து நிறுத்துங்கள்.

நடைக்கு ஆதாரமும் இருக்கிறது. முதுகு நோ வந்து சுகமான 701 பேரை வைத்து அவுஸ்திரேலியாவில் செய்த ஆய்வு 2024இல் வெளிவந்தது. படிப்படியாக நடக்கப் பழக்கப்பட்டவர்களுக்கு நோ திரும்பி வர நடுக்கணக்கில் 208 நாள் எடுத்தது. மற்றவர்களுக்கு 112 நாள். ஒப்பரேஷன் ஆட்களிடம் செய்த ஆய்வு இல்லை. ஆனாலும் சல்லிக் காசு செலவில்லாத வைத்தியம் ஒன்று இவ்வளவு செய்கிறது என்பதைக் கவனியுங்கள்.

2. ஒரே நிலையில் அரை மணித்தியாலத்துக்கு மேல் இருக்காதீர்கள். ஆசிரியர்கள் ஒரு பாடத்தில் கொஞ்சம் நில்லுங்கள், கொஞ்சம் இருங்கள். பலகைக்குப் பக்கத்தில் சின்ன வாங்கு வைத்து ஒரு காலை மாறி மாறி அதில் வைத்தால் நாரிக்குச் சுகம். நாற்பது கொப்பியை ஒரே கட்டாகத் தூக்காமல் நாலு தரமாகக் கொண்டுபோங்கள். பிள்ளைகள் கேட்காமலே உதவுவார்கள்.

3. வீட்டில் தேங்காய் திருவுவது, மரக்கறி வெட்டுவது எல்லாம் மேசை உயரத்தில். காஸ் சிலிண்டரும் தண்ணீர் வாளியும் ஆம்பிளைகள் வேலை. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

4. நித்திரை. ஒருக்களித்துப் படுப்பவர்கள் முழங்கால்களுக்கு இடையில் தலையணை வையுங்கள். நித்திரை கெட்டால் அடுத்த நாள் நோ இரண்டு மடங்கு.

5. நோன்பு. ஸஹருக்கும் இஃப்தாருக்கும் ஏற்றபடி குளிசை நேரத்தை மாற்ற ரமழானுக்கு முதலே டொக்டரிடம் கேளுங்கள். வெறும் வயிற்றில் நோக் குளிசை வேண்டாம்.

6. மனது. நீண்ட நாள் நோ மனதைத் தின்னும். எரிச்சல், அழுகை, யாரையும் பார்க்கப் பிடிக்காமை வந்தால் டொக்டரிடம் அதையும் சொல்லுங்கள். மனநல கிளினிக்குக்குப் போகிறவரைப் "பைத்தியம்" என்பவர்தான் அறிவில்லாதவர்.

7. இரண்டாவது ஒப்பரேஷன். நகையை அடகு வைத்துக் கொழும்புக்கு ஓட முதல் நாலு கேள்வி கேளுங்கள். புது ஸ்கேனில் இருப்பதும் எனக்கு நோகிற இடமும் பொருந்துகிறதா? இது கால் நோவுக்கா, நாரி நோவுக்கா? செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? செய்த பிறகு பயிற்சி யார் தருவார்? சிலருக்கு இரண்டாவது ஒப்பரேஷன் அவசியம்தான். ஆனால் பொதுவாக ஒவ்வொரு முறையும் பலன் குறைந்துகொண்டே போகும்.

இப்போது ஆபத்து அறிகுறிகள். இதில் ஸப்ரும் இல்லை, நடையும் இல்லை, உடனே ஆஸ்பத்திரி:

சிறுநீர் அடைத்தல் அல்லது தெரியாமல் போதல். மலம் கட்டுப்பாடில்லாமல் போதல். இரண்டு தொடைக்கு நடுவிலும் பிட்டத்திலும் மரத்துப்போதல். காலில் பலம் நாளுக்கு நாள் குறைதல், பாதம் தூக்க முடியாமல் இழுபடுதல். காய்ச்சலோடு ஒப்பரேஷன் காயம் சிவந்து நீர் வடிதல். கெண்டைக்கால் ஒரு பக்கம் வீங்கி நோதல். மூச்சு முட்டுதல், நெஞ்சு நோ.

அம்புலன்ஸ் இலக்கம் 1990. சுவசெரிய சேவை 2018இலிருந்து வடக்கிலும் ஓடுகிறது, காசு இல்லை. எங்கள் சமூகத்துக்கு இந்த இலக்கத்தை மறக்க முடியாது என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே "நம்பர் தெரியாது" என்று யாரும் சொல்ல வேண்டாம்.

கடைசியாக, பொறுப்பில் இருப்பவர்களிடம் கேட்பது.

பள்ளிவாசல் நிர்வாகத்தாரே, கதிரைகளை ஸஃப்பின் ஓரத்தில் ஒழுங்காகப் போடுங்கள், ஒரு ஜும்ஆவில் இதைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். அதிபர்மாரே, முதுகு ஒப்பரேஷன் செய்த ஆசிரியருக்குக் கீழ்மாடி வகுப்பும் சாய்மானம் உள்ள கதிரையும் கொடுங்கள். அது சலுகை இல்லை, நாளைக்கு அவர் லீவு போடாமல் வருவதற்கான வழி. விளையாட்டுக் கழகத் தம்பிமாரே, ஜின்னா மைதானத்தில் காலையில் ஒரு மணித்தியாலத்தைப் பெண்கள் நடப்பதற்கு ஒதுக்குங்கள். எங்கள் உம்மாமார், ராத்தாமார் நடக்க இடம் இல்லாமல்தான் படுத்துக் கிடக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் உறவுகளே, அந்த இரண்டு பக்கத் தமிழ்த் தாளை எழுத நான் தயார். மருத்துவச் சரிபிழை பார்த்துத் தர ஒரு டொக்டரும் ஒரு பிசியோதெரபி ஆளும் முன்வந்தால் போதும். அச்சடிக்கும் செலவை ஊர் பார்த்துக்கொள்ளும், இன்ஷா அல்லாஹ்.

மற்ற எல்லோரிடமும் கேட்பது ஒன்றே ஒன்று. அடுத்த முறை முதுகு ஒப்பரேஷன் செய்த ஒருவரைக் கண்டால் "இன்னும் என்ன நோ?" என்று கேட்காதீர்கள். "இன்டைக்கு நடந்தீங்களா? வாங்க, நானும் வாறன்" என்று சொல்லுங்கள்.

அல்லாஹ் நோயில் இருக்கும் எல்லோருக்கும் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.

தேவைப்படுபவர்களுக்குப் பகிருங்கள். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் மரியாதையோடு எழுதுங்கள், பதில் தருவேன்.